விரலளவு வீரனும் அவனுடைய நிறங்களும்



போன கிழமை நாங்கள் இங்கே ஒரு படம் போட்டிருந்தோம். இரும்பு வளையச் சட்டை அணிந்து, தலைக்கவசத்தைக் காலடியில் வைத்து, கேடயத்தை ஊன்றி நிற்கும் ஐரோப்பியக் குதிரைவீரன் ஒருவனின் சிறிய உருவம். உயரம் 90 மில்லிமீற்றர். நடுவிரலை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இங்கிலாந்தில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது வரலாற்று வகுப்புக்கென்று கொண்டுவந்து தந்தார். வந்தது வெறும் உலோகமாக. நிறம் தீட்டுவது எங்கள் வேலை. பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் ஆறு பேரும் ஆசிரியர்கள் இருவருமாகப் பாடசாலை விட்ட பிறகு இரண்டு மாதம் அதோடு இருந்தோம்.

படத்தைப் பார்த்து வாழ்த்திய எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு ஹைரா. ஆனால் ஒரு பிள்ளையின் வாப்பா நேரில் வந்து கேட்ட கேள்வி எங்களை விடவில்லை. "சேர், பைத்துல் முகத்தஸில ரத்தத்த ஓட விட்டவங்கட பொம்மையையா எங்கட புள்ளைகள் உட்காந்து பெயின்ட் பண்ணுது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. மனம் நொந்து கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1099 ஜூலை 15ஆம் திகதி சிலுவைப் போர்வீரர்கள் ஜெருசலத்துக்குள் நுழைந்தபோது அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள் என்பதை அவர்களுடைய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டு எந்த வகுப்பும் நடத்த முடியாது. அதனால் பதிலை இரண்டு வரியில் சொல்லாமல் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

உருவத்துக்கு நிறம் தீட்டுவது கூடுமா என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் சிறு வயதில் வைத்திருந்த விளையாட்டுப் பொருட்களில் துணியால் சிறகு செய்த ஒரு குதிரையும் இருந்ததாக அபூதாவூதில் வரும் ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள், படிப்புக்கான பொருள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் ஊர் மௌலவியிடம் கேட்டுத்தான் தொடங்கினோம். மார்க்கத் தீர்ப்பு சொல்வது எங்கள் வேலையல்ல. வரலாற்றுக்குப் போவோம்.

யார் இந்த மனிதன்?

உருவத்தின் அடியில் பொறித்திருந்த பெயர் வில்லியம் மார்ஷல். 1147ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் பிறந்தவர், 1219இல் இறந்தவர். அந்தக் காலத்துக் குதிரைவீரர்களில் இவருடைய வாழ்க்கைதான் நமக்கு மிக விரிவாகத் தெரியும். காரணம், இவர் இறந்த பிறகு இவருடைய மகன் ஒரு கவிஞரைப் பிடித்துத் தகப்பனின் வரலாற்றைப் பழைய பிரெஞ்சு மொழியில் 19,000 வரிகளுக்கு மேல் பாட வைத்தார். அந்தப் பிரதி பல நூற்றாண்டுகள் யாருடைய கண்ணிலும் படாமல் கிடந்தது. 1861இல் லண்டன் ஏல விற்பனை ஒன்றில் அதைப் பார்த்த போல் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர், கை நழுவிப் போன அந்தப் பிரதியைத் தேடி இருபது வருடம் கழித்துத்தான் மறுபடி கண்டுபிடித்தார்.

பிள்ளைகளுக்கு முதலில் சொன்னது இதைத்தான்: இது குடும்பம் காசு கொடுத்து எழுதுவித்த புகழ்ப்பாட்டு. வாசிக்கும்போது அந்த நினைவு இருக்க வேண்டும்.

இருந்தாலும் அதில் வரும் ஒரு சம்பவத்தை எந்தப் பிள்ளையும் மறக்கவில்லை. 1152ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் அரியணைக்காக உள்நாட்டுப் போர். வில்லியமின் தகப்பன் ஜோன் மார்ஷலின் நியூபரிக் கோட்டையை ஸ்டீபன் மன்னர் முற்றுகையிட்டிருக்கிறார். போர்நிறுத்தத்துக்குப் பிணையாகத் தகப்பன் தன் மகனை மன்னரிடம் ஒப்படைத்தார். பையனுக்கு வயது ஐந்தளவு. பிறகு வாக்கை மீறிக் கோட்டைக்குள் ஆட்களையும் சாமான்களையும் சேர்த்தார். கோட்டையை விடாவிட்டால் உன் மகனைத் தூக்கிலிடுவோம் என்று மன்னரின் ஆட்கள் சொன்னபோது, இவனை விட நல்ல பிள்ளைகளைச் செய்ய என்னிடம் இன்னும் சம்மட்டியும் பட்டறைக் கல்லும் இருக்கின்றன என்று பதில் அனுப்பினாராம்.

பையனைத் தூக்குமரத்துக்குக் கொண்டுபோனார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாத பிள்ளை, பக்கத்தில் வந்த பிரபுவின் கையில் இருந்த ஈட்டியைத் தரச் சொல்லிக் கேட்டது. அதைப் பார்த்த மன்னரின் மனம் இளகிவிட்டது. தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். பிறகொரு நாள் மன்னருடைய கூடாரத்தில் இருவரும் விளையாடினார்கள். புல்வெளியில் முளைக்கும் ஒரு செடியின் தண்டுகளுக்கு அந்த ஊரில் "குதிரைவீரர்" என்று பெயர். ஆளுக்கொன்றைப் பிடித்து மற்றவரின் தண்டில் அடித்துத் தலையைப் பறிப்பதுதான் விளையாட்டு. மன்னருடைய "வீரனின்" தலையைச் சிறுவன் பறித்துவிட்டான்.

தகப்பன் கைவிட்ட பிள்ளை, தன்னைக் கொல்ல வேண்டியவரோடு உட்கார்ந்து பொம்மை வீரர்களை வைத்து விளையாடுகிறது. எங்கள் மேசையில் நின்றது அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகான உருவம்.

உலோகம்

இப்படிப்பட்ட சிறு வீரர்களை வார்ப்பது புதிய பழக்கமல்ல. லண்டன் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் கிடைத்த, 1300ஆம் ஆண்டளவைச் சேர்ந்த வெள்ளீயக் குதிரைவீரன் பொம்மை ஒன்று லண்டன் நகர அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உள்ளே கூடாக வார்த்தது. 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரில் தட்டையான வெள்ளீய வீரர்களைப் பெட்டி பெட்டியாகச் செய்து விற்றார்கள். 1893இல் லண்டனில் பிரிட்டன் குடும்பத்தார் உட்கூடான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கினார்கள். குறைந்த உலோகம், குறைந்த விலை. ஈயத்தின் நஞ்சு காரணமாக 1960களில் அந்த வார்ப்பு நின்றது.

எங்களுடையது வெள்ளீயம் கூடுதலாகச் சேர்ந்த கலவை உலோகம். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மயிர் போல ஒரு கோடு தலையிலிருந்து கால் வரை ஓடும். அதைச் சிறிய அரத்தாலும் நைசான உப்புக்கடுதாசியாலும் எடுக்க வேண்டும். பிறகு பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் வர்ணம் பிடிக்காது. ஆகவே காலடியில் ஓர் ஆணி வைத்து மரக்கட்டையில் நிறுத்தினோம். அதன் பிறகு உருவத்தைத் தொடுவதில்லை, கட்டையைத்தான் பிடிப்பது. கார் பெயின்ட் கடையில் வாங்கிய சாம்பல் நிறப் பிரைமரை மெல்லிசாக அடித்து ஒரு நாள் காயவிட்டோம்.

சாம்பல் பூசியவுடன் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். எல்லாம் ஒரே நிறமாகிவிட்டது. முகம் எது, இரும்பு எது, துணி எது என்று பிரித்தறிய முடியவில்லை. வேலை அங்கிருந்துதான் தொடங்கியது.

கேடயம்

மார்ஷலின் கேடயம் நெட்டுக்குத்தாக இரண்டு பாதி. ஒரு பாதி பொன், மறு பாதி பச்சை. இரண்டுக்கும் மேலாகப் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிவப்புச் சிங்கம்.

இந்த அடையாளங்கள் ஏன் வந்தன? 12ஆம் நூற்றாண்டில் தலைக்கவசம் முகத்தை மேலும் மேலும் மூடிக்கொண்டு வந்தது. கலவரத்தில் யார் நம்மவன், யார் எதிரி என்று தெரியாது. அதனோடு, குதிரைவீரர்கள் கூட்டமாக மோதும் போட்டிகள் பெருகின. அங்கே ஒருவனுடைய பெயரே அவனுடைய வருமானம். பிரான்சின் லெ மான்ஸ் நகரில் 1151ஆம் ஆண்டளவில் இறந்த அஞ்சூ பிரபு ஜெப்ரியின் நினைவுப் பலகை இருக்கிறது. நீலக் கேடயத்தில் பொற்சிங்கங்கள். இந்தப் பழக்கத்துக்கு நமக்குக் கிடைக்கும் ஆரம்பகாலச் சான்றுகளில் அது ஒன்று. சிங்கம் ஐரோப்பியருக்கு மட்டும் உரியதும் அல்ல. மம்லூக் சுல்தான் பைபர்ஸ் 1273இல் பலஸ்தீனத்தில் லித்தா ஊருக்குப் பக்கத்தில் கட்டிய பாலத்தில் அவருடைய சிங்கங்கள் இன்றும் கல்லில் நிற்கின்றன.

பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டோம்: உங்கள் கழுத்துப்பட்டியில் இருக்கும் பாடசாலை இலச்சினை என்ன வடிவம்? எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மேலே தட்டை, கீழே கூர். கேடயம்தான். வெள்ளைக்காரர் காலத்தோடு வந்து நம் சட்டையில் தங்கிவிட்ட வடிவம் அது. தினமும் காலையில் போட்டுக்கொண்டு வருகிறோம், அது எதிலிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இந்தக் கேடயக்கலையில் ஒரு விதி உண்டு. பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது. தூரத்தில் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். பாதி பொன், பாதி பச்சை என்று பிரித்த கேடயத்துக்கு விதியில் விலக்கு உண்டு. ஆனால் கண்ணுக்கு விலக்கு இல்லை. சிங்கத்தின் முன்பாதி பொன்மேல் பளிச்சென்று தெரிந்தது. பின்பாதி பச்சைக்குள் மறைந்துபோனது. சிவப்பும் பச்சையும் ஒரே அளவு இருட்டாக இருந்ததுதான் கோளாறு. பச்சையைக் கொஞ்சம் இருட்டாக்கி, சிவப்பைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, விளிம்பில் தலைமயிர் அளவு கோடு போட்ட பிறகுதான் சிங்கம் முழுதாக வெளியே வந்தது.

எண்ணெய்

ஏன் எண்ணெய் வர்ணம்? வேகமாகக் காயும் அக்ரிலிக் வர்ணம் கடையில் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அடி நிறத்துக்கு நாங்களும் அதைத்தான் பூசினோம். அதற்கு மேலேதான் எண்ணெய்.

எண்ணெய் வர்ணத்தைக் கண்டுபிடித்தவர் 15ஆம் நூற்றாண்டு பிளாண்டர்ஸ் ஓவியர் யான் வான் ஐக் என்று நீண்ட காலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார் என்பது உண்மை. ஆனால் 12ஆம் நூற்றாண்டிலேயே தியோபிலஸ் என்ற ஜேர்மனியத் துறவி தன் கைத்தொழில் நூலில் ஆளிவிதை எண்ணெயில் நிறம் அரைக்கும் முறையை எழுதியிருக்கிறார். ஒரு நிறம் காயாமல் அடுத்ததை வைக்க முடியாது, உருவம் தீட்டும்போது இது பெரிய சலிப்பு என்று குறையும் பட்டிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் இரண்டாம் நாளே அதே குறையைச் சொன்னார்கள்.

இன்னும் பழைய சான்று ஆப்கானிஸ்தானின் பாமியானில் இருக்கிறது. 2001இல் அங்கிருந்த பெரும் புத்தர் சிலைகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டதை நாம் எல்லோரும் அறிவோம். அந்த மலையின் குகைகளில் எஞ்சிய சுவரோவியங்களை ஆராய்ந்தவர்கள் 2008இல் முடிவை வெளியிட்டார்கள்: 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த சில ஓவியங்களில், வோல்நட் அல்லது கசகசா விதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெயில் நிறம் குழைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் எண்ணெய் ஓவியம் தலையெடுக்கப் பல நூற்றாண்டுகள் முன்பு, பட்டுப்பாதை ஓரத்தில். தகர்த்தவர்கள் எதைத் தகர்க்கிறோம் என்று அறிந்திருக்கவில்லை.

நிறங்களின் பெயரைக் கேட்டாலும் பாதை கிழக்கே திரும்புகிறது. அந்தக் காலப் பச்சைகளில் ஒன்று, செம்புத் தகட்டில் வினாகிரி ஆவி படவிட்டுச் சுரண்டியெடுத்த களிம்பு. புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செம்புப் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே இனம். சிவப்புக்குச் சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. விலை உயர்ந்த சிவப்புத் துணிக்குச் சாயம், மத்தியதரைக் கடலோரக் கருவாலி மரத்தில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து வந்தது. அரபியில் அதன் பெயர் கிர்மிஸ். இன்று நாம் கடையில் கேட்டு வாங்கும் "கிரிம்சன்" அந்தச் சொல்தான்.

செய்முறை இதுதான். குழாயிலிருந்து தீக்குச்சித் தலை அளவு வர்ணத்தைக் காட்போட் மட்டையில் பிதுக்கி அரை மணித்தியாலம் விட வேண்டும். மிதமிஞ்சிய எண்ணெயை மட்டை குடித்துவிடும். இல்லாவிட்டால் உருவம் மினுமினுத்துப் பொம்மைக் கடைப் பொருள் போலாகிவிடும். நடு நிறத்தை மிக மெல்லிசாகப் பூசி, மடிப்பின் பள்ளத்தில் இருட்டையும் மேட்டில் வெளிச்சத்தையும் வைத்து, ஈரமில்லாத சுத்தமான தூரிகையால் எல்லை தெரியாமல் தட்டித் தட்டிக் கலக்க வேண்டும். மணிக்கணக்காக ஈரமாக இருப்பதால் திருத்திக்கொண்டே இருக்கலாம். எண்ணெய் தரும் பெரிய உதவி அது. மஞ்சளின் நிழலுக்குக் கறுப்பு கலந்தால் பச்சையடிக்கும். காவியும் பழுப்பும்தான் கலக்க வேண்டும். தேர்ப்பன்டைன் மணம் தலையிடி தரும் என்பதால் ஜன்னலைத் திறந்து வைத்தே செய்தோம்.

பொறுமை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். எண்ணெய் வர்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து மெதுவாக இறுகும். பச்சை காய்ந்துவிட்டது என்று நினைத்து மூன்றாம் நாளே ஒரு மாணவி சிங்கத்தைத் தொடங்கினாள். சிவப்பு பச்சையில் கரைந்து சிங்கம் சேற்று நிறமானது. அவள் அழுதுவிட்டாள். துடைத்தெடுத்து, எட்டு நாள் மின்குமிழின் கீழ் வைத்துக் காயவிட்டு அவளே திரும்பத் தீட்டினாள். இப்போது கேடயத்தில் நிற்பது அவளுடைய சிங்கம்.

வெளிச்சம்

ஆறடி மனிதன் வெயிலில் நின்றால் அவன் மூக்கின் கீழும் துணி மடிப்பிலும் நிழல் தானாக விழும். விரலளவு உருவத்தில் அந்த நிழல் போதாது. எல்லாம் தட்டையாகத் தெரியும். ஆகவே வெளிச்சத்தையும் நிழலையும் நாமே தீட்ட வேண்டும். உருவத்துக்கு நேர் மேலே விளக்கை வைத்து, போனில் படம் எடுத்து, எங்கே ஒளி படுகிறது, எங்கே இருள் தங்குகிறது என்று பிள்ளைகள் ஒரு தாளில் குறித்தார்கள்.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதமைப் பற்றிச் சொல்ல அதை விட நல்ல நேரம் இல்லை. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய கிதாபுல் மனாழிர், கண்ணிலிருந்து எதுவும் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்து ஒளிதான் கண்ணுக்கு வருகிறது என்று நிறுவியது. மார்ஷல் வாழ்ந்த காலத்தை ஒட்டியே அந்த நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. சிலுவைப் போர் நடந்த அதே காலத்தில் புத்தகங்களும் கடல் தாண்டிக்கொண்டிருந்தன.

இரும்பும் தலைக்கவசமும்

வளையச் சட்டையில் பல்லாயிரம் இரும்பு வளையங்கள். ஒவ்வொன்றும் நான்கு வளையங்களோடு கோத்து ஆணி அடித்தது. பாரம் பத்துக் கிலோவுக்கு மேல். அதற்குக் கறுப்புப் பூசி, காய்ந்த பிறகு, துடைத்தெடுத்த தூரிகையில் மிஞ்சிய வெள்ளி நிறத்தை மேடுகளில் மட்டும் உரசினோம். சிறு பழுப்புக் கறையும் வைத்தோம், துருவுக்காக.

தலைக்கவசத்தை ஒருவன் கண்ணாடி போல மினுக்கப் பார்த்தான். அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னோம். பிரான்சில் ப்ளூர் என்ற இடத்தில் நடந்த போட்டியில் சிறந்த வீரனுக்கான பரிசு ஒரு பெரிய மீன். மார்ஷலுக்கே அது என்று முடிவு செய்து தேடிப் போனால் ஆளைக் காணவில்லை. கடைசியில் கொல்லன் பட்டறையில் கண்டுபிடித்தார்கள். அடிபட்டு நசுங்கிய கவசம் தலையை விட்டுக் கழன்று வரவில்லை. தலையைப் பட்டறைக் கல்லில் வைத்துப் படுத்திருக்க, கொல்லன் சம்மட்டியால் அடித்து நெளிவெடுத்துக்கொண்டிருந்தான். தகப்பன் சொன்ன அதே சம்மட்டி, அதே கல் என்று பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை சொன்னது. மினுக்கியவன் கவசத்தில் இரண்டு நெளிவு தீட்டினான்.

பரிசு மீன் என்றாலும் போட்டி வெறும் விளையாட்டல்ல. தோற்றவனைப் பிடித்து, குதிரையையும் கவசத்தையும் எடுத்து, மீட்புப் பணம் வாங்குவது தொழில். பத்து மாதத்தில் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து 103 வீரர்களைப் பிடித்ததாகக் கணக்கு இருக்கிறது. சொத்தில்லாத இளைய மகன் பெரிய பிரபுவானது இப்படித்தான் தொடங்கியது.

கிழக்கே போன வழி

இனி அந்த வாப்பாவின் கேள்விக்கு வருவோம். 1183இல் மார்ஷலின் எஜமானான இளைய ஹென்றி மன்னர் இறந்தார். இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கையில் பணம் இல்லாமல், ரொக்கமடோர் என்ற தங்கள் சொந்தப் புனிதத் தலத்தையே அவர்கள் கொள்ளையடித்திருந்தார்கள். சிலுவை தைத்த தன் மேலங்கியை ஜெருசலத்துக்குக் கொண்டுபோகும்படி சாகும்போது மன்னர் கேட்டார். மார்ஷல் போனார். இரண்டு வருடமளவு அங்கே இருந்தார். அங்கே என்ன செய்தார்? வாழ்க்கை முழுவதையும் 19,000 வரியில் பாடிய கவிஞர் இந்த இரண்டு வருடத்தைப் பொதுவாகப் புகழ்ந்துவிட்டு, விவரம் ஒன்றும் சொல்லாமல் கடந்துபோகிறார். 1187 ஜூலை 4ஆம் திகதி ஹத்தீனில் சலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) சிலுவைப் படையை முறியடித்தபோது மார்ஷல் ஊர் திரும்பிவிட்டார்.

அந்தக் காலத்தில் அவர்களைக் கிட்ட நின்று பார்த்த நம்மவர் ஒருவர் உண்டு. சிரியாவின் ஷைஸரில் 1095இல் பிறந்த உஸாமா இப்னு முன்கித். வாழ்நாள் முழுவதும் பரங்கியரோடு போரிட்டவர். தன் நினைவு நூலில் அவர்களைத் திட்டுகிறார், அவர்களுடைய வைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். அதே நூலில் இதுவும் இருக்கிறது: ஜெருசலத்தில் டெம்ப்ளர் வீரர்கள் அவருக்குத் தொழுவதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். புதிதாக வந்த பரங்கியன் ஒருவன் தொழுகையின் நடுவே அவரைப் பிடித்துக் கிழக்கே திருப்பினான். டெம்ப்ளர்கள் ஓடிவந்து அவனை வெளியேற்றி, இவன் ஊருக்குப் புதியவன் என்று மன்னிப்புக் கேட்டார்கள். வாள் எடுத்தவனைப் பற்றி எழுதும்போதும் உஸாமா கண்டதைக் கண்டபடி எழுதினார்.

நாங்களும் மார்ஷலின் இருட்டை விடவில்லை. 1215இன் மக்னா கார்ட்டாவைக் குடியியலில் படிக்கிறோம். ஜோன் மன்னர் இறந்த பிறகு ஒன்பது வயது ஹென்றியின் காப்பாளராக இருந்து, அந்தச் சாசனத்தை 1216இலும் 1217இலும் தன் முத்திரையோடு மீண்டும் வெளியிட்டு உயிர்ப்பித்தவர் இந்த மார்ஷல். அவருடைய வெளிச்சம் அது. 1217 மே 20ஆம் திகதி எழுபது வயதில் லிங்கன் நகரில் படை நடத்தி வென்றவரும் அவரே. வென்ற பிறகு அவருடைய படை அந்த நகரத்தைச் சூறையாடியது. "லிங்கன் சந்தை" என்று அதற்குக் கேலிப் பெயர் வைத்தார்கள். பிள்ளைகளோடு படகுகளில் ஏறித் தப்பப் பார்த்த பெண்கள் ஆற்றில் மூழ்கினார்கள். அவர்கள் முஸ்லிம்களல்ல, அவருடைய சொந்த நாட்டு மக்கள்.

1219இல் மரணப் படுக்கையில் மார்ஷல் இரண்டு பட்டுத் துணிகளைக் கொண்டுவரச் சொன்னார். ஜெருசலம் போனபோது தன் கபனுக்கென்று வாங்கி, முப்பது வருடம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தவை. அவற்றால் மூடியே அவரை அடக்கினார்கள். நம்மில் ஹஜ்ஜுக்குப் போன மூத்தவர்கள் கபன் துணியை ஸம்ஸமில் நனைத்துக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், இந்த இடத்தில் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள்.

லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அவருடையது என்று சொல்லப்படும் கற்சிலை கிடக்கிறது. அங்குள்ள வீரர் சிலைகளுக்கு ஒரு காலத்தில் நிறம் தீட்டியிருந்தார்கள். நிறம் போய்விட்டது. 1941 மே மாதம் விழுந்த குண்டில் கூரை எரிந்து விழுந்து சிலைகளும் சிதைந்தன. இன்று அவை சாம்பல் நிறக் கல், எங்கள் பிரைமர் பூசிய உருவம் போல.

அந்த வாப்பாவுக்கு

நாங்கள் அந்த வீரனைக் கொண்டாடவில்லை. பார்த்தோம். இரண்டு மாதம் கிட்ட வைத்துப் பார்த்தோம். ஒருவனைச் சரியாகத் தீட்ட வேண்டுமானால் அவனுடைய துணி எங்கிருந்து வந்தது, அவன் யாரிடம் அடிபட்டான், யாரை அடித்தான், எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்று எல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் ஒரே நிறத்தைப் பூசிவிடுவது இலகு. 2019க்குப் பிறகு இந்த நாட்டில் ஒரே நிறத்தால் பூசப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பஸ்ஸில் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்ததை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அதே தூரிகையை நாம் இன்னொருவர் மேல் எடுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் பதில்.

அவர் போன வியாழக்கிழமை வந்து உருவத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "சேர், அடுத்தது சலாஹுத்தீனா?" என்று கேட்டார்.

இன்ஷா அல்லாஹ், செய்வோம். ஆனால் அவருக்கும் இதே முறைதான் என்று சொன்னோம். 1187 ஒக்டோபர் 2ஆம் திகதி ஜெருசலம் திரும்பக் கிடைத்தபோது, 1099க்குப் பழி வாங்காமல் மீட்புப் பணத்துக்கு மக்களைப் போகவிட்டதைத் தீட்டுவோம். பணம் கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் போனதையும், ஹத்தீனுக்குப் பிறகு டெம்ப்ளர் கைதிகள் வெட்டப்பட்டதையும் மறைக்க மாட்டோம். அதைச் சொல்வதால் அவருடைய பெருமை குறைந்துவிடாது. வரலாறு சொல்லும் ஆசிரியர் மேல் பிள்ளைகள் வைக்கும் நம்பிக்கைதான் கூடும்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப என்ட மகனையும் சேருங்க" என்றார்.

உருவம் இப்போது நூலகத்தில், புதினப்பத்திரிகை அடுக்குக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பாடசாலை நாட்களில் இரண்டு மணி வரை வந்து பார்க்கலாம். கேடயத்தைப் பக்கவாட்டிலிருந்து உற்றுப் பாருங்கள், பச்சைப் பாதியில் சிங்கத்தின் வாலடியில் ஒரு சிறு பழுப்புக் கறை தெரியும். அதை எடுக்க வேண்டாம் என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிட்டாள்.

வஸ்ஸலாம். பிழை இருந்தால் திருத்துங்கள். எங்கள் பிள்ளைகளுக்காகத் துஆச் செய்யுங்கள்.